ஹாட் ராடில் முதலில் இடுப்பு, கடைசியில் ஸ்டீயரிங் பாக்ஸ்

ஹாட் ராடு என்பது பழைய காரின் பாடியைத் தாழ்த்தி, வேகத்துக்காகத் திருத்திக் கட்டிய வண்டி. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ, அதற்குப் பின் வந்த 1932 ஃபோர்டு, இந்த இரண்டின் பாடியை வைத்துக் கட்டிய ஹாட் ராடுகளில் கண்ணுக்கு அழகாக இருந்தும் ஓட்ட முடியாதவை ஏராளம். கிளட்சை மிதிக்கும்போது தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கும். விண்ட்ஷீல்டின் மேல்சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். அரை மணி நேரம் ஓட்டினால் வலது தோள் மரத்துவிடும். இவற்றை ஓட்டுபவரின் உடல்வாகு மேல் பழிபோட்டுத் தப்பிக்கிறார்கள். உண்மையான காரணம் வேலையின் வரிசை. எஞ்சினை வைத்தார்கள், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலை அடைத்தார்கள், வீலின் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸை இடம் இருந்த இடத்தில் பூட்டினார்கள், ஸ்டீயரிங் தண்டு எங்கே வந்து நின்றதோ அங்கே ஸ்டீயரிங் வீலை மாட்டினார்கள். மிச்சமிருந்த பொந்தில் ஒரு சீட்டைத் தைத்துக் கொடுக்கும்படி குஷன் கடையில் வண்டியை விட்டார்கள்.

வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். ஓட்டுபவரின் இடுப்பு எங்கே இருக்கும் என்பதுதான் முதல் முடிவு. அதிலிருந்து குதிகால், பிறகு கண், பிறகு தோள், தோளிலிருந்து வீல், வீலிலிருந்து தண்டு, தண்டு போய்ச் சேரும் இடத்தில் ஸ்டீயரிங் பாக்ஸ். பாடியும் எஞ்சினும் இதற்கு முழுதாக வளைந்து கொடுக்காதுதான். ஆனால் எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்து நடக்கும்.

இந்த வண்டிகளின் உருவம் தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பிறந்தது. மியுராக், எல் மிராஜ் போன்ற இடங்களில் ஓடிய ரோட்ஸ்டர்களுக்கு (நிலையான கூரை இல்லாத கார்கள்) ஒரு ஓட்டம் என்பது சில நிமிடங்கள். காற்றை வெட்ட பாடியைத் தாழ்த்தினார்கள், எடையைக் குறைக்கச் சீட்டைப் பிடுங்கி எறிந்தார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாகக் கிடைத்த விமான இருக்கைகளைப் பூட்டினார்கள். அந்தத் தோற்றத்தை நாம் விரும்புகிறோம், நானும் விரும்புகிறேன். ஆனால் இன்று அதே தோற்றத்தோடு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போக வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில்தான் இந்த வேலை இருக்கிறது. வண்டியும் உதிரிபாகங்களும் அமெரிக்க அளவில் வருவதால் எல்லாவற்றையும் அங்குலத்திலேயே சொல்கிறேன்.

வெட்டியதில் தொலைந்த இடம்

கூரைத் தூண்களை வெட்டி உயரத்தைக் குறைப்பது சாப். தரையை அறுத்துவிட்டுப் பாடியை சேஸி எனும் அடிச்சட்டத்தின் மேல் கீழிறக்கி உட்கார வைப்பது சேனல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே வண்டியைத் தாழ்த்துகின்றன. உள்ளே உட்காருபவருக்கு இரண்டும் வேறு வேறு.

3 அங்குலம் சாப் செய்தால் கூரை 3 அங்குலம் கீழே வரும். டேஷ்போர்டும் தரையும் இருந்த இடத்திலேயே இருக்கும். 4 அங்குலம் சேனல் செய்தால் தரை சேஸியோடு அதே இடத்தில் நிற்க, டேஷ், கதவு, கூரை எல்லாமே 4 அங்குலம் இறங்கிவிடும். டேஷுக்கும் தரைக்கும் நடுவே முழங்கால் போக இருந்த இடம் போய்விடும். இரண்டையும் செய்த வண்டியில் தரைக்கும் கூரைக்கும் நடுவே 7 அங்குலம் காணாமல் போயிருக்கும். சராசரி உயரமுள்ள ஆணுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்தால், சீட்டிலிருந்து உச்சந்தலை வரை சுமார் 36 அங்குலம். முதுகை நன்றாகச் சாய்த்தால் 2 முதல் 3 அங்குலம் குறையும். அதற்கு மேல் கிடைக்க வேண்டியதெல்லாம் சீட்டைத் தாழ்த்தித்தான் கிடைக்கும்.

சீட்டைத் தாழ்த்துவதற்கு ஒரு விலை உண்டு. உயரமான நாற்காலியில் தொடை கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும், கால் கீழே தொங்கும். தரையோடு ஒட்டிய சீட்டில் காலை நீட்டாவிட்டால் முழங்கால் மேலே எழும்பும். எழும்பிய முழங்கால் போய் இடிக்கும் இடம் ஸ்டீயரிங் வீலின் அடிவளைவு. எனவே சீட் இறங்க இறங்கப் பெடல் முன்னே போயாக வேண்டும். ஒரு கணக்கு: இடுப்பு மூட்டிலிருந்து குதிகால் வரை நேர்கோட்டில் 34 அங்குலம் என்று வையுங்கள். இடுப்பு தரையிலிருந்து 14 அங்குல உயரத்தில் இருந்தால் குதிகால் கிடைமட்டமாக 31 அங்குலம் முன்னே இருக்கும். இடுப்பை 8 அங்குலத்துக்கு இறக்கினால் 33 அங்குலம் வேண்டும். அந்த 2 அங்குலம் மாடல் ஏ போன்ற குறுகிய பாடியில் சும்மா கிடைக்காது. பின்னால் சீட்டின் முதுகுத் தடிப்பில் எடுக்க வேண்டும், அல்லது முன்னால் ஃபயர்வாலில் எடுக்க வேண்டும்.

ஃபயர்வால் பக்கம் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் நகர்கிறது. செவ்ரோலே ஸ்மால் பிளாக் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பின்பக்கம் இருப்பதால் ஃபயர்வாலை உள்நோக்கிக் குழித்து இடம் கொடுப்பார்கள். குழித்த ஒவ்வொரு அங்குலமும் ஓட்டுபவரின் காலிலிருந்து வெட்டியது. பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் V8 எஞ்சினிலும், ஃபோர்டு 289, 302 எஞ்சின்களிலும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம். கால் நீண்டவர் தனக்கென்று மாடல் ஏ கட்டும்போது எஞ்சினைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம். செவ்ரோலேதான் வேண்டும் என்றால் நீளம் குறைந்த வாட்டர் பம்ப்பைப் போட்டு எஞ்சினை முடிந்த மட்டும் முன்னே தள்ளுங்கள். ஃபயர்வாலை முழு அகலத்துக்கும் குழிக்காமல் டிஸ்ட்ரிபியூட்டர் வரும் நடுப்பகுதியை மட்டும் குழித்தால் பெடல் பக்கம் தப்பிக்கும்.

மாடல் ஏ-யில் இன்னொரு தடை பெட்ரோல் டேங்க். அது ஃபயர்வாலுக்கும் டேஷுக்கும் நடுவே, விண்ட்ஷீல்டுக்கு முன்னே உள்ள பாடிப் பகுதியான கவுலின் மேற்பகுதியாகவே அமைந்திருக்கும். ஸ்டீயரிங் தண்டு அதன் அடியில்தான் தொங்கும். டேங்க்கைப் பின்னால் மாற்றாத வரை தண்டை மேலே தூக்க வழியில்லை. சேனல் செய்த மாடல் ஏ-யில் டேங்க் அங்கேயே இருந்தால் முழங்காலுக்கு மேலே டேங்க்கின் அடிப்பாகம் இருக்கும். விபத்தில் மடியில் பெட்ரோல் கொட்டும் அமைப்பு அது, இடப்பிரச்சினை இல்லாவிட்டாலும் அதை டிக்கிக்கு மாற்றிவிடச் சொல்வேன். 1932 ஃபோர்டில் டேங்க் பின்புறம் போய்விட்டதால் இந்தத் தொல்லை இல்லை.

சீட்டை மரத்தில் கட்டிப் பார்த்தல்

வண்டி அதன் கடைசி டயர்களில், கடைசி உயரத்தில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் சமமட்டமாக நிறுத்தி அளந்தால் எல்லாக் கோணமும் பொய்யாகும். ஹாட் ராடு மூக்குத் தாழ்ந்து நிற்கும். சேஸி 3 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருந்தால், தரையிலிருந்து 12 டிகிரி என்று நீங்கள் வெட்டிய சீட் அடிப்பலகை சாலையில் 9 டிகிரிதான். உட்கார்ந்தவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னே வழுக்குவார். கடைசி டயர் இன்னும் வரவில்லை என்றால் சக்கரத்துக்குப் பதில் கட்டையை அடுக்கி அதே உயரத்தைக் கொண்டுவரலாம். காந்தத்தில் ஒட்டும் கோணமானியை வைத்துச் சேஸியின் சாய்வை அளந்து ஃபயர்வாலில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். இனி வரும் கோணங்கள் எல்லாம் உண்மையான நிலமட்டத்திலிருந்து.

அரை அங்குல பிளைவுட்டில் அடிப்பலகை ஒன்று, முதுகுப்பலகை ஒன்று, இரண்டையும் கீலால் இணைத்துக்கொள்ளுங்கள். அடிப்பலகையின் முன்விளிம்பு இடுப்புப்பக்கத்தை விட உயர்ந்திருக்கட்டும். 10 டிகிரியில் ஆரம்பிக்கலாம், சீட் தாழ்வாக இருந்தால் 15 வரை போகும். முதுகுப்பலகை செங்குத்திலிருந்து 20 முதல் 25 டிகிரி. அடியில் மரக்கட்டைகளை அடுக்கி உயரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஃபோம் இல்லாமல் வெறும் பலகையில் அளப்பது பலரும் செய்யும் தவறு. உங்கள் குஷன் கடைசியில் 4 அங்குலத் தடிப்பு என்றால், ஆள் உட்கார்ந்ததும் அது அமுங்கி எவ்வளவு நிற்கிறதோ அதுதான் கணக்கு. மென்மையான ஃபோம் பாதிக்கு மேல் அமுங்கும், இறுக்கமானது ஓர் அங்குலம்கூட இறங்காது. அதனால் எந்த ஃபோம் போடப்போகிறீர்களோ அதையே ஒரு துண்டு வாங்கிப் பலகையில் போட்டு உட்காருங்கள். உயரம் குறைவான வண்டிகளில் எனக்குச் சரியாகப் படுவது கீழே 2 அங்குலம் இறுக்கமான ஃபோம், மேலே 1 அங்குலம் மென்மையானது. பழைய சுருள் ஸ்பிரிங் மெத்தை 5, 6 அங்குலத்தை விழுங்கிவிடும். அந்த இடத்தில் குறுக்கே இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகளைப் போட்டு மேலே இந்த 3 அங்குலத்தை வைத்தால் உட்காருவதற்கும் குறையில்லை, தலைக்கும் இடம் கிடைக்கும்.

வண்டி ஓட்டப்போகிறவரே உட்கார வேண்டும், ஓட்டும்போது போடும் செருப்போ ஷூவோ அதோடு. ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரட்டும். முதல் நிமிடத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள், ஐந்தாவது நிமிடத்தில்தான் உடம்பு தன் உண்மையான இடத்துக்கு இறங்கும். பிறகு பக்கத்தில் இருப்பவர் அளக்க வேண்டும்.

முதலில் கண். கண்மட்டம் விண்ட்ஷீல்டு திறப்பின் நடுவுக்குச் சற்று மேலே வர வேண்டும். அதை விடக் கீழே போனால் கவுலும் மூக்கும் சாலையை மறைக்கும். மேலே போனால் மேல்சட்டம் மறைத்து, சிக்னல் கம்பத்தின் அடியில் நிற்கும்போது விளக்கைப் பார்க்கக் கழுத்தை மடக்க வேண்டும். தலைக்கும் கூரையின் உள்துணிக்கும் 2 அங்குலமாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் தலை கூரைச் சட்டத்தில் மோதும். பின்கண்ணாடி வழியாகவும் பார்க்கச் சொல்லுங்கள். சாப் செய்த கூபேயில் (கூரை உள்ள இரண்டு கதவு வண்டி) முன்னே எல்லாம் தெரிந்தும் பின்னே ஒரு கோடு மட்டும் தெரியும் நிலை வரும். அப்போது வெளிக் கண்ணாடிகளின் இடத்தை இதே உட்காரலில் குறித்துவிடுவது நல்லது.

பிறகு தொடை. அடிப்பலகையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் முதல் மூன்று விரல் இடைவெளி வேண்டும். விளிம்பு நீண்டு போனால் இடது கால் கிளட்சை முழுக்க மிதிக்கும்போது தொடையின் அடிப்பகுதியை அறுக்கும். கிளட்ச் இருக்கும் வண்டியில் அந்த முன்விளிம்பை மட்டும் மென்மையான ஃபோமில் வளைத்து முடிக்கச் சொல்லுங்கள்.

பெடல். வலது கால் ஆக்ஸிலரேட்டரில் சும்மா இருக்கும்போது பாதம் கணுக்காலிலிருந்து கிட்டத்தட்டச் செங்கோணத்தில் நிற்க வேண்டும், முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும். பிரேக்கையும் கிளட்சையும் அடிவரை மிதித்த பிறகும் முழங்காலில் சிறு மடக்கு மிச்சம் இருக்க வேண்டும். கால் நேராகிவிட்டால் அவசரத்தில் முழு பலத்தையும் கொடுக்க முடியாது. பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரை விட உயர்ந்திருக்கலாம், ஆனால் குதிகாலைத் தரையிலிருந்து எடுத்துத் தூக்கி வைக்கும் அளவுக்கு உயர்ந்திருந்தால் தொடை வீலில் இடிக்கும். பெடல் எட்டவில்லை என்பதற்காக அதன் கையை வளைத்து நீட்டுவார்கள். செய்யாதீர்கள். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாத பிரேக்குக்குச் சுமார் 6:1 நெம்புகோல் விகிதம் வேண்டும். கையை நீட்டினால் விகிதம் கூடி, மிதிக்கும் தூரம் நீண்டு, பெடல் தரையில் முட்டும். குறைத்தால் பெடல் கல்லாகிவிடும். பெடலின் கீல் அமைப்பையே முழுதாக நகர்த்துவதுதான் சரி.

விமான இருக்கை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் விமானி பாராசூட் பையின் மேல்தான் உட்கார்ந்தார். அதற்காகவே அந்த அலுமினியத் தட்டு ஆழமாக இருக்கும். பை இல்லாமல், மெல்லிய தோல் திண்டை மட்டும் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு பள்ளத்தில் விழும், தொடை முன்விளிம்பின் உலோகத்தில் நிற்கும். அழகுக்காக அதைத்தான் போடுவேன் என்றால் பை இருந்த இடத்தை இறுக்கமான ஃபோமால் நிரப்புங்கள், நிரப்பிய பிறகு மறுபடியும் கண்மட்டத்தை அளந்து பாருங்கள். பலர் கடைசியில் போன்டியாக் ஃபியரோ போன்ற சிறிய கார்களின் சீட்டுக்கோ, அகலம் குறைத்த மினிவேன் பெஞ்ச்சுக்கோ வந்து சேர்கிறார்கள். குறுகிய பாடியில் முன்பின் நகரும் ரெயில் உள்ள சீட் பெரிய வசதிதான். ரெயில் மட்டுமே ஓர் அங்குலத்துக்கு மேல் உயரத்தைத் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீல் எங்கே வரும்

சீட் நின்ற பிறகுதான் வீலைக் கையில் எடுக்க வேண்டும். மாட்டப்போகும் அதே வீல், அதே விட்டம். 2 அங்குல பிளாஸ்டிக் குழாயின் முனையில் அதைக் கட்டி, மறுமுனையை ஃபயர்வால் பக்கம் விட்டு, உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். டேஷிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டால் மேலும் கீழும் நகர்த்த வசதி. கண்ணை மூடிக்கொண்டு வசதியான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால், கை தானாகப் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதன் பிறகு சோதனைகள்.

தோள் இரண்டும் முதுகுப்பலகையில் ஒட்டியிருக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படிய வேண்டும். உள்ளங்கை மட்டும் எட்டினால் வீல் தூரம், முன்கை படிந்தால் கிட்டம். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் இதைவிட அரை அங்குலம் கிட்டே இருப்பது நல்லது, நிறுத்தத்தில் திருப்பும்போது தோளின் பலம் வேண்டியிருக்கும். ஆனால் நெஞ்சுக்கும் வீலின் நடுவுக்கும் 10 அங்குலத்துக்குக் குறைய விடாதீர்கள், கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

தொடைக்கும் வீலின் அடிவளைவுக்கும் இரண்டரை முதல் 3 அங்குலம். இதைக் காலை அசைக்காமல் அளந்தால் பயனில்லை. வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குத் தூக்கி வைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் தொடை எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். இடது காலைக் கிளட்சிலிருந்து வெளியே எடுக்கும்போதும் அப்படியே. வீலைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் சுற்றினால் விரல் முட்டி டேஷில் படக்கூடாது. பிடித்த கைக்கும் டேஷின் விளிம்புக்கும் நடுவே 3 அங்குலம் இருந்தால் இண்டிகேட்டர் நெம்புகோலுக்கும் இடம் கிடைக்கும்.

வீலின் விட்டமும் இங்கேதான் முடிவாகும். பழைய ஃபோர்டு வீல் 17 அங்குலம், ஹாட் ராடுகளுக்கு இன்று விற்பது பெரும்பாலும் 15. இரண்டு அங்குலம் குறைத்தால் தொடைப்பக்கம் ஓர் அங்குலம் கிடைக்கும், ஆனால் அதே திருப்பலுக்குக் கையின் விசை சுமார் 13 சதவீதம் கூடும். அகன்ற ரேடியல் டயர் மாட்டிய, பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அந்த 13 சதவீதம் நன்றாகவே தெரியும். இடம் இருந்தால் 16 அங்குலத்துக்குக் கீழே போக எனக்கு மனமில்லை. வீலைச் சிறியதாக்கிப் பிரச்சினையை மூடுவதை விடச் சீட்டின் முன்விளிம்பை ஓர் அங்குலம் இறக்கிப் பார்ப்பது மேல்.

தண்டின் சாய்வு கிடைமட்டத்திலிருந்து 25 முதல் 35 டிகிரிக்குள் வந்தால் வீல் தோளை நோக்கி நிற்கும். பழைய மாடல் ஏ-யின் தண்டு இதைவிடச் செங்குத்து, வீல் பஸ்ஸில் இருப்பதுபோல மடியை நோக்கிப் படுத்திருக்கும். உயர்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு அது பொருந்தியது. தாழ்ந்து சாய்ந்து உட்காருபவருக்கு வீலின் மேல்வளைவு எட்டாமலும் கீழ்வளைவு வயிற்றிலும் இருக்கும். பக்கவாட்டையும் பாருங்கள். வீலின் நடுவும் சீட்டின் நடுவும் பெடல்களின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் கூடு பெடலை இடதுபக்கம் தள்ளும், சீட்டை நடுப்பக்கம் வைத்திருப்பார்கள், தண்டு இரண்டுக்கும் நடுவே குறுக்காகப் போகும். இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பி உட்காருவதால்தான் நீண்ட பயணத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது. அரை அங்குலக் குறுக்கை உடம்பு பொறுக்கும், இரண்டு அங்குலத்தைப் பொறுக்காது.

கடைசியாக ஏறி இறங்கிப் பாருங்கள். முன்பக்கம் கீல் வைத்த ரோட்ஸ்டர் கதவில் முழங்காலை வீலுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே மடக்கி நுழைக்க வேண்டும். 1932-ன் மூன்று ஜன்னல் கூபேயில் கதவு பின்பக்கக் கீலில் திறப்பதால் கால் சுலபமாக வெளியே வரும். எல்லா அளவும் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் மேலே கீழே சாயும் டில்ட் வைத்த தண்டைப் பற்றி யோசிக்கலாம், அல்லது கழற்றி எடுக்கும் வகை வீல் ஹப் போடலாம்.

வீல் நின்ற இடத்தில் குழாயை டேஷோடும் தரையோடும் சேர்த்துக் கட்டிவிட்டு இரண்டு கோணத்தையும் மூன்று தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: மேலிருந்து பார்க்கும் கோணம், பக்கவாட்டில் பார்க்கும் கோணம், வீலின் நடுவிலிருந்து தரை, கதவு, டேஷ்.

தண்டு போகும் வழி

பழைய ஃபோர்டு முறையில் ஸ்டீயரிங் பாக்ஸ் ஓட்டுபவரின் காலுக்கு முன்னே சேஸியின் இடது சட்டத்தில் இருக்கும், தண்டு வளையாமல் ஒரே துண்டாக மேலே வரும். 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 டிரக்கின் பாக்ஸை 1932 சேஸியில் பூட்டுவது இந்த முறையின் தொடர்ச்சி. இங்கே தண்டின் கோணத்தை மாற்ற ஒரே வழி பாக்ஸையே பிட்மேன் தண்டின் (பாக்ஸிலிருந்து வெளியே வந்து பிட்மேன் ஆர்ம் என்ற கையை ஆட்டும் தண்டு) அச்சில் சுழற்றுவது. பிட்மேன் தண்டின் நடுப்புள்ளி நகராமல் சுழற்றினால், அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்கின் இடம் கெடாது, பிட்மேன் ஆர்மை அதன் பற்களில் கழற்றித் திருப்பி மாட்டி மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். மாறாக, வீலை உயர்த்துவதற்காக பாக்ஸையே மேலே தூக்கிப் பூட்டினால் டிராக் லிங்கின் பின்முனை உயர்ந்து, முன் ஆக்ஸிலைச் சேஸியோடு பிடித்திருக்கும் ரேடியஸ் ராடு போடும் வளைவோடு அது ஒத்துப்போகாது. ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும்.

எஃப்-1 தண்டு ஹாட் ராடுக்கு நீளம் அதிகம். நடுவில் வெட்டி வெல்டிங் செய்வதை விட, மேல்முனையை வெட்டிவிட்டு லேத்தில் புதிதாகக் கூம்பும் சாவிக்குழியும் மரையும் எடுக்கச் சொல்லுங்கள். வெளிக்குழாயை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம், உள்தண்டில் ஒட்டு வேண்டாம்.

இன்னொரு முறை செவ்ரோலே வேகா காரின் பாக்ஸை முன்னே எஞ்சின் பக்கத்தில் வைத்து, டிராக் லிங்கைக் குறுக்கே வலது சக்கரத்துக்குக் கொண்டுபோவது. வீலின் இடமும் பாக்ஸின் இடமும் ஒன்றையொன்று கட்டாயப்படுத்தாததால் உட்காரும் நிலையை முதன்மையாக வைப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. குறுக்கு ஸ்பிரிங்கின் ஷேக்கிளில் (ஸ்பிரிங் முனையை இணைக்கும் ஆடும் துண்டு) ஆடும் ஆக்ஸிலோடு இதை வைத்தால், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பானார்ட் ராடு கட்டாயம், இல்லாவிட்டால் வீலைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும்.

வீலிலிருந்து பாக்ஸுக்கு யூ-ஜாயிண்ட்கள் (கோணத்தில் மடங்கியபடியே சுழலும் இணைப்புகள்) வழியாகப் போகும்போது ஒற்றை ஜாயிண்ட் 30 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டாம். 30 டிகிரியில் வெளிவரும் வேகம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே ஏறி இறங்கும், வீல் ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் லேசாகவும் இருப்பதாகக் கை சொல்லும். 15 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு ஜாயிண்ட் போட்டு, இரண்டிலும் சமமான கோணம் வைத்து, நடுத்தண்டின் இரு முனையிலும் உள்ள கவைகளை (ஜாயிண்ட்டின் இரு கிளைப் பிடிகள்) ஒரே தளத்தில் நிறுத்தினால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது அழித்துவிடும். கவைகள் 90 டிகிரி தவறி நின்றால் பிழை இரட்டிப்பாகும். ஸ்டீயரிங் விட்டுவிட்டுக் கனக்கிறது என்று பாக்ஸை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். மூன்று ஜாயிண்ட் என்றால் நடுவே சேஸியில் ஒரு தாங்கி பேரிங் அவசியம், அது இல்லாவிட்டால் தண்டு சாட்டை மாதிரி ஆடும்.

சைலன்ஸர் குழாய்க்கும் தண்டுக்கும் நடுவே எஞ்சின் நிற்கும்போது அரை அங்குலம் போதும் என்று தோன்றும். போதாது. இந்த V8 எஞ்சின்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இடதுபக்கம் மேலே எழும்பும். தண்டு போவதும் அந்தப் பக்கம்தான். ரப்பர் மவுண்ட் வைத்த எஞ்சினில் முக்கால் அங்குலமாவது விட்டு, வெப்பத்தடுப்புத் தகடும் வையுங்கள். ஜாயிண்ட்டின் திருகு முனைக்கு எதிரே தண்டில் சிறு குழி துளைத்து, திருகு அதில் உட்கார்ந்த பிறகு லாக் நட்டைப் போடுங்கள். தண்டின் முனை ஜாயிண்ட்டின் நடுவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் மடங்கும்போது தடுக்கும், எல்லாத் திசையிலும் கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பாக்ஸ் சேஸியில் இருக்கிறது, தண்டின் மேல்முனை பாடியில் இருக்கிறது. பாடி ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் தனித்தனியாக அசையும் என்பதால் ஒரே துண்டுத் தண்டில் மேல் பேரிங்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி முறுக்கும்போது ஸ்டீயரிங் இறுகும். ஒரு ரப்பர் கப்ளிங்கோ ஜாயிண்ட்டோ இருந்தால் அந்த அசைவை அது வாங்கிக்கொள்ளும். டேஷின் தகடு மட்டும் தண்டைத் தாங்காது. கவுலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை டேஷுக்குப் பின்னால் ஓர் அங்குலக் குழாயை வெல்டிங் செய்து அதில் தாங்கியைப் பூட்டுங்கள். வீலைப் பிடித்துச் சீட்டிலிருந்து எழும்ப முயன்றால் டேஷ் நெளியக்கூடாது.

ஒரே துண்டுத் தண்டு மோதலில் ஈட்டியாக நெஞ்சுக்கு வரும். அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் வந்த விதி, மோதலில் தண்டு பின்னோக்கி வரும் தூரத்தை 5 அங்குலத்துக்குள் கட்டுப்படுத்தியது, அந்த விதிக்கு முந்திய வண்டியைத்தான் நாம் கட்டுகிறோம். சட்டம் கேட்காவிட்டாலும் இரண்டு கோணத்தில் மடங்கும் ஜாயிண்ட்டும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நடுத்தண்டும் போடுங்கள். இந்த விஷயத்தில் பழைமை உணர்வுக்கு இடம் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

பெல்ட்

மர பிளைவுட்டைக் கழற்றுவதற்கு முன் பெல்ட்டின் இடத்தையும் குறித்துவிட வேண்டும், பிறகு குறித்தால் கோணம் தவறும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய, அதன் பிடிமானம் பின்னோக்கிக் கீழே 45 முதல் 75 டிகிரிக்குள் இறங்க வேண்டும். தோள்பட்டை தோளிலிருந்து பின்னே கிடைமட்டமாக, அதிகபட்சம் 20 டிகிரி கீழே போகலாம். சீட்டின் பின்னால் தரைக்கு நேராக இறக்கிக் கட்டினால் மோதலில் அது முதுகெலும்பை நசுக்கும். தோளின் மட்டத்தில் குறுக்குக் குழாய் இல்லாத ரோட்ஸ்டரில் இடுப்புப் பட்டை மட்டும் போடுவது, தவறான கோணத்தில் தோள்பட்டை போடுவதைவிட மேல். பிடிமானத்துக்கு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை கொண்ட உயர்தர போல்ட், கீழே 3 அங்குலச் சதுரத் தகடு. மாடல் ஏ-யின் மரத்தரையில் எதையும் பூட்டாதீர்கள், சேஸியோடு சேர்ந்த இரும்புக்குப் போங்கள். சீட்டும் பெல்ட்டும் ஒரே இரும்புக் கட்டமைப்பில் நிற்க வேண்டும். அலுமினிய இருக்கையின் ஓரத்தைப் பட்டை தொடும் இடத்தில் வளைத்து மழுங்கடித்து ரப்பர் விளிம்பு வையுங்கள்.

இத்தனையும் முடிந்தபின் எல்லாவற்றையும் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, வண்டியை முற்றத்தில் உருட்டி, எஞ்சின் இல்லாமலேயே வீலை இரண்டு முனைக்கும் திருப்பிப் பார்க்கலாம். முழு வெல்டிங்கும் பெயிண்டும் அதற்குப் பிறகு. குஷன் கடைக்கு அனுப்பும்போது அமுங்கிய நிலையில் சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கூடவே கொடுங்கள். நல்ல தையல்காரர்கள் அழகுக்காக இன்னும் ஓர் அங்குலம் ஃபோம் சேர்ப்பார்கள். அந்த ஓர் அங்குலத்தில் கண்மட்டம் போகும், தொடை வீலில் இடிக்கும். சீட் திரும்பி வந்ததும் மணிக்கட்டு, தொடை, கண் மூன்றையும் மறுபடி அளந்துவிட்டுத்தான் கடைசி போல்ட்டை இறுக்க வேண்டும். முதல் 100 மைல் ஓடியபின் யூ-ஜாயிண்ட் திருகுகள், டேஷ் தாங்கி, சீட் ரெயில் போல்ட்கள் எல்லாவற்றிலும் ஒருமுறை ஸ்பேனரை வையுங்கள், புது ஃபோம் அதற்குள் கால் அங்குலமாவது படிந்திருக்கும், கண்ணாடிகளையும் அப்போதே திருப்பிவிடலாம்.